செய்தித்தாள் தோன்றும் முன்பே செய்தி எப்படிப் பரவியது? 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஸ்பானிய மொழி அச்சுச் செய்திகள்

கேள்வி: அடையாறு வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் இதழியல் வரலாறு கற்பிக்கிறேன். அடுத்த மாதம் மயிலாப்பூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் அச்சுச் செய்தியின் தொடக்க காலம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காகக் குறிப்புகள் எடுக்கும்போது எழுந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

பாடத்திட்டத்தில் ஐரோப்பியச் செய்தித்தாளின் கதை எப்போதும் ஒரே வரிசையில்தான் வருகிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஜொஹான் கரோலஸ் தொடங்கிய ‘ரெலட்சியோன்’ வார இதழ், 1618இல் ஆம்ஸ்டர்டாம், 1620 வாக்கில் ஆண்ட்வெர்ப், 1622இல் லண்டன், 1631இல் பாரிஸில் தியோஃப்ராஸ்ட் ரெனோதோவின் ‘கசெட்’ என்று ஊர் ஊராக நகர்ந்து, ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி, 1785இல் ‘மெட்ராஸ் கூரியர்’ மூலம் அது நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த வரிசையில் ஸ்பெயினுக்கு இடமே இல்லை. மாட்ரிட்டில் முதல் கெசட், அதாவது கால ஒழுங்கோடு தொடர்ந்து வரும் செய்தித்தாள், 1661இல்தான் வெளிவந்தது என்ற ஒற்றை வாக்கியத்தோடு பாடநூல் அதைக் கடந்து விடுகிறது.

ஆனால் அந்தக் காலத்தில் நேப்பிள்ஸும் மிலானும் பிரஸ்ஸல்ஸும் ஸ்பெயின் மன்னர் குடும்பத்தின் ஆளுகையில் இருந்தன. மெக்சிகோவும் பெருவும் மணிலாவும் அவருக்குக் கீழ்ப்பட்டிருந்தன. 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் அதே முடியின் கீழ் இருந்தது. அத்தனை பெரிய ஆட்சிப்பரப்பில் படைவீரர், வணிகர், அதிகாரி, பாதிரியார் ஆகிய எல்லாருக்கும் செய்தி தேவைப்பட்டிருக்கும் அல்லவா? அவர்களெல்லாம் 1661 வரை வாய்ச்சொல்லையும் கையெழுத்துக் கடிதங்களையும் மட்டுமே நம்பி இருந்தார்களா? தணிக்கையும், கத்தோலிக்கக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டித்த சமய விசாரணை மன்றமும்தான் (இன்குவிசிஷன்) ஸ்பெயினைப் பின்தங்க வைத்தன என்று என் மாணவி ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது எந்த அளவுக்குச் சரி? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பழந்தாள்

வணக்கம் அம்மா. உங்கள் பாடநூல் சொல்லும் 1661 சரியான ஆண்டுதான். ஆனால் குறிப்பிட்ட கால இடைவெளியில், ஒரே தலைப்பில், தொடர்ந்து வெளிவரும் தாளை மட்டுமே செய்தி அச்சு என்று எண்ணினால்தான் அந்த ஆண்டு ஒரு தொடக்கமாகத் தெரியும். ஸ்பானிய மொழியில் செய்தி அச்சாகிப் பரவியது வேறொரு வடிவத்தில். அந்த வடிவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஸ்பெயின் பின்தங்கவில்லை என்பது மட்டுமல்ல, பல இடங்களில் அது முன்னால் நிற்பதையும் காணலாம்.

அதை ‘ரெலசியோன் தே சுசேசோஸ்’ என்று அழைப்பார்கள். நிகழ்ந்தவற்றை எடுத்துரைக்கும் தனித்தாள். ஒரு போர், ஓர் அரச திருமணம், ஒரு வெள்ளம், ஒரு தூக்குத் தண்டனை, ஒரு புனிதரின் அற்புதம் என்று ஏதேனும் ஒன்று நிகழ்ந்தவுடன் இரண்டு அல்லது நான்கு இலைகளில் அச்சாகித் தெருவில் விற்கப்பட்ட வெளியீடு அது. அடுத்த இதழ் என்று எதுவும் கிடையாது; அடுத்த நிகழ்ச்சி வந்தால் அடுத்த தாள் வரும், அவ்வளவுதான். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய குஜிலி நூல்களைப் புரட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். நம் பூங்கா நகரத்துக் குஜிலிக் கடைகளில் கொலைச் சிந்தும் வெள்ளச் சிந்தும் ரயில் விபத்துப் பாட்டும் காலணா அரையணாவுக்கு விற்ற காலத்தில், ஆங்கில நாளேட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத பலருக்கு அவைதான் செய்தியைக் கொண்டு சேர்த்தன. ஸ்பெயினின் செவில் நகரத் தெருக்களிலும் பார்வையற்ற விற்பனையாளர்கள் இத்தகைய தாள்களை உரக்கக் கூவியும் பாடியும் விற்றார்கள். எழுத்தறியாதவரும் காதால் கேட்டு அறிந்துகொண்டார்கள்.

இதன் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உங்களுக்குத் தெரிந்ததே. கொலம்பஸ் தம் முதற்பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1493 பிப்ரவரியில், அரசவை நிதி அலுவலர் லூயிஸ் தே சந்தாங்கெலுக்கு எழுதிய கடிதம் அதே ஆண்டு வசந்த காலத்தில் பார்சிலோனாவில் ஸ்பானிய மொழியில் அச்சானது. வெறும் இரண்டு இலைகள், நான்கு பக்கம். சில வாரங்களுக்குள் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டு ரோமில் அச்சாயிற்று. அதன்பின் பாரிஸ், ஆண்ட்வெர்ப், பாசெல் நகரங்களின் அச்சகங்கள் அதை எடுத்துக்கொண்டன. ஜூலியானோ தாத்தி அதே ஆண்டில் இத்தாலியப் பாட்டாகவே அதைப் பாடிவிட்டார். 1497இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஜெர்மன் மொழியில் வந்தது. பார்சிலோனாவில் அச்சான அந்த முதல் தாளில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படிதான். அது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. ஐரோப்பா முழுவதும் பேசவைத்த ஒரு வெளியீட்டுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத அச்சகங்கள் வெளியிட்ட சாதாரணத் தாள்களில் எத்தனை சுவடே இல்லாமல் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் ஸ்பெயினைக் குறைவாக மதிப்பிடுவதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம். வார இதழை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்தார்கள். ஒற்றைத் தாளை யாரும் பேணவில்லை. பேணியவர்களில் ஒருவர் கொலம்பஸின் மகன் எர்னாந்தோ கோலோன். 1539இல் இறந்த அவர், பெரிய நூல்களோடு இத்தகைய சில்லறைத் தாள்களையும் நாடு நாடாக வாங்கிச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் எந்த ஊரில், எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் அந்த ஊர்க் காசு ஸ்பானியப் பொன் நாணயத்தில் எவ்வளவு பெறும் என்பதையும் தம் கையால் எழுதி வைத்தார். மலிவான தாளும் ஒருநாள் வரலாறாகும் என்று அறிந்து சேர்த்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு.

பரவிய முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தாள்கள் ஓர் ஊரில் மூட்டையாகக் கட்டப்பட்டு இன்னோர் ஊருக்கு விற்பனைக்குப் போனது குறைவு. ஒரே ஒரு படி அஞ்சலில் போகும், போன ஊரில் அதைப் பார்த்து மறுபடியும் எழுத்துக் கோத்து அச்சிடுவார்கள். மாட்ரிட்டில் வந்தது செவிலிலும் பார்சிலோனாவிலும் வலென்சியாவிலும் லிஸ்பனிலும் மறு அச்சாகும். காஸ்டில், அரகோன், கட்டலோனியா ஆகியவை தனித்தனிச் சட்டங்களோடு இருந்ததால் ஓரிடத்து அச்சுரிமை மற்றோரிடத்தில் செல்லாது. ஆகவே இந்த மறு அச்சைத் தடுக்கவும் யாருமில்லை. எதிர்த்திசையிலும் இதே ஓட்டம் இருந்தது. 1590களில் டிரான்சில்வேனியா இளவரசர் சிகிஸ்மண்ட் பாத்தோரி துருக்கியருடன் நடத்திய போரைப் பற்றி ரோமில் பெர்னார்தினோ பெக்காரி வெளியிட்ட தாள்களைச் செவிலில் ரொத்ரிகோ தே கப்ரேரா ஸ்பானிய மொழியில் அடுத்தடுத்து வெளியிட்டார். ஒரே போரின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக, முந்தைய தாளின் தொடர்ச்சியாக வந்தன. தலைப்பு மாறினாலும் வாசகர் கண்ணுக்கு அது ஒரு தொடர் வெளியீடுதான். மாட்ரிட் கெசட்டுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

மறுமொழி 2: திருவல்லிக்கேணி கம்பாசிட்டர்

மேலே நண்பர் சொன்னவற்றோடு தொழில் சார்ந்து சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன். நான் ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டராக வேலை பார்த்தவன். பிற்காலத்தில் பழைய ஐரோப்பிய அச்சுமுறையைப் படிப்பதில் ஈடுபாடு வந்தது. இந்த ஸ்பானியத் தாள்கள் ஏன் அந்த அளவில், அந்த வடிவில் இருந்தன என்பதை அச்சகத்துக்குள் நின்று பார்த்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

ஒரு முழுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு புறத்தில் நான்கு பக்கம், மறுபுறத்தில் நான்கு பக்கம். இரண்டு முறை மடித்தால் நான்கு இலை, எட்டுப் பக்கம். இதைத்தான் அவர்கள் ‘பிளியேகோ’ என்றார்கள். நம் அச்சகப் பேச்சில் எட்டுப் பக்கம் ஒரு பாரம். ஒரே பாரத்தில் முடிந்துவிடுவதால் தைப்பு, கட்டு, அட்டை ஆகிய எந்தச் செலவும் இல்லை. பைண்டரிடம் போகவே வேண்டாம். எழுத்துக் கோக்க ஒரு நாள், அச்சிட ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றாம் நாள் காலையில் தெருவில் விற்பனைக்கு வந்துவிடும். மரத்தாலான கை அச்சுப்பொறியில் இருவர் வேலை செய்வார்கள். ஒருவர் தோல் பந்துகளால் எழுத்தின்மீது மை ஒற்ற, மற்றவர் தாளை வைத்துத் தண்டை இழுப்பார். பழகிய கைகளால் ஒரு நாளில் ஆயிரம் தாளுக்கு மேல் ஒரு புறம் அச்சிட முடியும்.

பெரிய நூல் ஒன்றை எடுத்தால் அச்சகக்காரரின் முதலீடு பல மாதங்களுக்குக் காகிதத்தில் முடங்கிவிடும். காகிதம்தான் எப்போதும் பெரிய செலவு. அது அன்றும் அப்படித்தான், நான் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான். நூல் வேலை நடக்கும்போதே நடுவில் ஒரு பாரச் செய்தித்தாளை அச்சிட்டால் அந்த வாரமே கையில் காசு வரும். செவில் போன்ற ஊர்களில் சிறிய அச்சகங்கள் பிழைத்ததில் இந்தத் தாள்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தாள்களின் படங்களை இணையத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தென்படும். ஒன்று, பல தாள்களில் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது வரிகள் நெருங்கிவிடும், எழுத்தும் சிறியதாக மாறியிருக்கும். எட்டுப் பக்கத்துக்குள் அடக்கியே ஆகவேண்டும். ஒன்பதாவது பக்கம் வந்தால் இன்னொரு தாள் வேண்டும், ஆகவே கோப்பவர் முடிந்த மட்டும் இறுக்கிச் சொற்களையும் சுருக்கியிருப்பார். மாறாக, செய்தி குறைவாக இருந்தால் மீந்த இடத்தில் ஒரு பாட்டோ பூவேலைப்பாடோ வந்து உட்காரும். இரண்டு, முகப்பில் இருக்கும் மரச்செதுக்குப் படம். ஒரே கப்பல் படம் ஒரு தாளில் துருக்கியர் கப்பற்படையாகவும், வேறொரு தாளில் அமெரிக்காவிலிருந்து வெள்ளி கொண்டுவரும் கப்பல் வரிசையாகவும் வரும். படக்கட்டை அச்சகத்தின் சொத்து. அதன் விளிம்பு தேய்ந்து உடையும் வரை பயன்படுத்துவார்கள். அந்த உடைவின் அடையாளத்தை வைத்தே, அச்சகத்தின் பெயர் இல்லாத தாளையும் இன்ன அச்சகத்தது, இன்ன காலத்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அச்சுத்தொழில் தெரிந்தவனுக்கு அதைப் படிப்பதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

இன்னொன்று. இந்த வடிவம் கடலையும் கடந்தது. செவிலின் குரோம்பெர்கர் அச்சகத்தின் சார்பில் 1539இல் மெக்சிகோ சென்ற ஹுவான் பாப்லோஸ், குவாத்தமாலாவில் 1541இல் நேர்ந்த பேரழிவைப் பற்றி அதே ஆண்டில் ஒரு செய்தித்தாள் அச்சிட்டார். மணிலாவில் 1637இல் தோமாஸ் பின்பின் என்ற பிலிப்பைன்ஸ் நாட்டு அச்சாளர் ‘சுசேசோஸ் ஃபெலிசெஸ்’ என்ற தலைப்பில் ஸ்பானியப் படைகளின் வெற்றிச் செய்தியை அச்சிட்டார். மாட்ரிட்டில் முறையான கெசட் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன், நம் ஆசியாவிலேயே ஸ்பானிய மொழியில் அச்சுச் செய்தி வந்துவிட்டது.

மறுமொழி 3: சட்டமும் செய்தியும்

தணிக்கை பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். உங்கள் மாணவி சொன்னது பாதி சரி.

‘கத்தோலிக்க மன்னர்கள்’ என்று அழைக்கப்பட்ட ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் 1502இலேயே அச்சுக்கு உரிமம் வேண்டும் என்று ஆணையிட்டார்கள். இரண்டாம் பிலிப்பின் 1558ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. உரிமமின்றி நூல் அச்சிடுவோருக்கு மரண தண்டனை வரை அது பேசுகிறது. ஆனால் அச்சட்டம் நூல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நான்கு இலைத் தாள் ஒன்று மன்னரின் உயர் ஆலோசனை மன்றத்தின் மேசைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் செய்தி பழையதாகிவிடும் என்பதால், உள்ளூர் அதிகாரியின் ஒப்புதலோடோ எந்த ஒப்புதலும் இல்லாமலோ அச்சிடும் வழக்கம் நீடித்தது. நான்காம் பிலிப்பின் காலத்தில், 1627 ஜூன் 13 அன்று வந்த ஆணைதான் ரெலசியோன், கடிதம், கெசட், புகழுரை என்று வகை வகையாகப் பெயர் சொல்லி, சில வரிகளே ஆனாலும் முன்கூட்டியே ஆராய்ந்து ஒப்புதல் பெறாமல் அச்சிடக் கூடாது என்று விதித்தது. 1620களில் செய்தித்தாள்கள் எவ்வளவு பெருகியிருந்தன என்பதற்கு அந்த ஆணையே சான்று. தெருவில் இல்லாத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் போடுவதில்லை.

1621 அக்டோபர் 21 அன்று மாட்ரிட்டின் பெருஞ்சதுக்கத்தில், முந்தைய மன்னரின் ஆட்சியில் செல்வாக்கின் உச்சியில் இருந்த ரொத்ரிகோ கல்தெரோனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது அதைப் பற்றி உரைநடையிலும் பாட்டிலும் ஏராளமான தாள்கள் வந்தன. அதே ஆண்டுகளில் ஆந்த்ரேஸ் தே அல்மன்சா இ மென்தோசா என்பவர் அரசவைச் செய்திகளைக் கடித வடிவில் வரிசையாக எழுதி அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். செய்தி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை 1620களின் மாட்ரிட்டில் காண்கிறோம்.

ஆனால் தணிக்கையைவிட ஆபத்தானதாக நான் கருதுவது வேறொன்று. ஆட்சியாளர் விரும்பும் செய்தி மிக எளிதாக அச்சேறிவிடும் என்பதுதான் அது. 1588இல் இங்கிலாந்தின்மீது ஸ்பானியக் கடற்படை சென்றபோது, பாரிஸில் ஸ்பெயின் தூதராக இருந்த பெர்னார்தினோ தே மென்தோசா, தம் படையே வென்றது என்று கேள்விப்பட்டதை நம்பி அதைப் பரப்பினார். ஸ்பெயினின் அச்சகங்களில் அந்த ‘வெற்றி’ தாளாக வந்து விற்றது. கப்பல்கள் புயலில் சிதறி, எஞ்சியவை நொறுங்கித் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. லண்டனில் அதே ஆண்டு, ஸ்பானியத் தாள்களில் வந்த செய்திகளை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாகவும், ஒவ்வொன்றுக்கும் உரிய மறுப்பை அதற்கு நேரே மறுபக்கமாகவும் வைத்து ‘ஸ்பானியப் பொய்களின் மூட்டை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு வெளியீடு கொண்டுவந்தார்கள். செய்தியை வரிவரியாக எடுத்துச் சரிபார்க்கும் வேலையை 1588லேயே அச்சில் காண்கிறோம். அதுவும் எதிரி நாட்டின் அரசியல் நோக்கத்தோடுதான் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

வேகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1571 அக்டோபர் 7 அன்று கிரேக்கக் கடற்கரையருகே லெபாண்டோவில் துருக்கியரோடு நடந்த கடற்போரின் செய்தி வெனிசை அடைந்தது அக்டோபர் 19 அன்று. மாட்ரிட்டுக்கு மாத இறுதி ஆயிற்று. ஓர் உண்மை வந்து சேர இத்தனை நாள் ஆகும் உலகில், முந்திக்கொண்டு வரும் தவறான செய்திக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை உங்கள் வாசகர் வட்டத்தில் அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடையாறு வாசகி

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. கேட்டதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கிறது. குறிப்பாக, ஒரு பாரத்துக்குள் செய்தியை அடக்கும் கணக்கைக் கம்பாசிட்டர் ஐயா விளக்கியது எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாக எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஸ்பானிய மொழியிலேயே ஒரு கெசட் வெளிவந்தது என்று ஓரிடத்தில் ஒரு வரிக் குறிப்பாகப் பார்த்தேன். ஸ்பெயினோடு எண்பது ஆண்டுகள் போரிட்டு விடுதலை பெற்ற நாட்டில் அந்த மொழியில் யார், யாருக்காகச் செய்தி அச்சிட்டார்கள்? ஸ்பெயினுக்கு வெளியே இந்த மொழியைப் படித்தவர்கள் யார்?

மறுமொழி 4: வெளிநாட்டு அச்சு

வணக்கம். நீங்கள் பார்த்தது ‘கெசெத்தா தே ஆம்ஸ்டர்டாம்’. அதை அச்சிட்டவர் தாவித் தே காஸ்த்ரோ தார்த்தாஸ். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து வந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1662இல் அச்சகம் தொடங்கினார். இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கெசட் இதழ்கள் 1672ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. யூதர் ஒருவர் நடத்திய முதல் செய்தித்தாள் என்று பலரும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அவரது குடும்பத்தின் கதை தெரிந்தால் அந்த இதழை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும். அவருடைய சகோதரர் இசாக் தே காஸ்த்ரோ தார்த்தாஸ் பிரேசிலின் பாயியாவில் பிடிக்கப்பட்டு, லிஸ்பன் சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, 1647 டிசம்பரில் எரித்துக் கொல்லப்பட்டார். இளைஞர், தம் சமயத்தைக் கைவிட மறுத்தவர். சமய மன்றத்தின் தண்டனை நாட்களும் அச்சுச் செய்தியாக விற்ற காலம் அது. 1610இல் லொக்ரோன்யோவில் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டோருக்கு நடந்த தண்டனை விழாவின் விவரம் அடுத்த ஆண்டே தாளாக வந்தது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் மகன், தம் சகோதரரைக் கொன்ற உலகத்தின் பொது மொழியிலேயே வாரந்தோறும் செய்தி அச்சிட்டார். ஆனால் இதழில் கசப்பும் இல்லை, யூதச் சமூகம் பற்றிய செய்தியும் அநேகமாக இல்லை. வியன்னா, வெனிஸ், லண்டன், பாரிஸ் என்று நகரப் பெயரிட்டுப் போர், அரசியல், கப்பல் போக்குவரத்து பற்றிய சுருக்கமான குறிப்புகளே இருக்கும். வணிகருக்கு எது வேண்டுமோ அதுதான். லிவோர்னோ, ஹாம்பர்க் போன்ற துறைமுகங்களில் இருந்த உறவினரோடும் கூட்டாளிகளோடும் தொழில் செய்தவர்களுக்கு ஒரு போர் மூண்டால் எந்தக் கடல்வழி அடைபடும் என்று தெரிந்தாக வேண்டும்.

வேறு யார் படித்தார்கள் என்றால், முதலில் படைவீரர். மிலானிலிருந்து ஆல்ப்ஸ் மலை வழியாக பிரஸ்ஸல்ஸ் வரை நீண்ட ‘ஸ்பானியப் பாதை’யில் நடந்த காலாட்படைக்கும் அதன் அதிகாரிகளுக்கும் அது தாய்மொழி. அடுத்து, ஆண்ட்வெர்ப்பின் வணிகரும் அதிகாரிகளும்; அங்கே மார்ட்டின் நூசியோ போன்ற அச்சாளர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஸ்பானிய நூல்களை நிறைய வெளியிட்டார்கள். அதன்பின், அரசியல் காரணத்துக்காக அந்த மொழியைக் கற்ற பிற நாட்டவர். இவர்கள் எல்லாரையும் இணைத்தது, மன்னர்களுக்காக அஞ்சல் சேவை நடத்திய டாக்சிஸ் குடும்பத்தின் அஞ்சல். 1505ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்புரூக் வரை கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள் என்று அக்குடும்பத்தார் கெடு ஏற்றார்கள். அச்சுக்கூடம் இருந்தும் அஞ்சல் இல்லாத ஊரில் செய்தித்தாள் பிழைக்க முடியாது; தொடக்க கால இதழ்களில் பல அஞ்சல் சாலைகளின் சந்திப்பில் தோன்றியது தற்செயல் அல்ல.

ஒரு கூடுதல் குறிப்பு, நம் கடற்கரையோடு தொடர்புடையது. முத்துக்குளித்துறையில் பணி செய்த பிரான்சிஸ் சேவியர், 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமிலிருந்த தம் தோழர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்ததையும், பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதையும் அதில் விவரித்திருக்கிறார். 1545லேயே அது பாரிஸில் பிரெஞ்சு மொழியில் அச்சாகி விற்றது. இயேசு சபையினரின் இத்தகைய கடிதங்களும் அன்றைய ஐரோப்பாவில் செய்தியாகவே படிக்கப்பட்டன. தூத்துக்குடிப் பக்கத்து மீனவ ஊர்களைப் பற்றி ஐரோப்பிய நகரத்தார் அச்சில் படித்த முதல் செய்திகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

மறுமொழி 5: பழந்தாள்

1661 பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மாட்ரிட் கெசட்டைத் தொடங்கிய பிரான்சிஸ்கோ ஃபாப்ரோ பிரெமுந்தான், மன்னரின் மகன் ஹுவான் ஹோசே தே ஆஸ்திரியாவின் செயலராக இருந்தவர். இளவரசர் 1650களின் இறுதியில் பிரஸ்ஸல்ஸில் ஆளுநராக இருந்தார். வார இதழ்கள் மக்களின் எண்ணத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதை இருவரும் அங்கே நேரில் கண்டவர்கள். ஹுலியான் தே பாரேதெஸ் அச்சிட்ட முதல் இதழே, இத்தாலி, ஃபிளாண்டர்ஸ், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் பெருநகரங்களில் வாரந்தோறும் கெசட் அச்சாவதை எடுத்துக்காட்டித்தான் தொடங்குகிறது. அதாவது வெளியிலிருந்து வந்தது செய்தியை அச்சிடும் பழக்கம் அல்ல, அதற்கு நிலையான தலைப்பும் கால ஒழுங்கும் கொடுக்கும் வழக்கம் மட்டுமே. பழைய பழக்கமும் உடனே வேலை செய்தது. செவிலில் ஹுவான் கோமெஸ் தே பிளாஸ் அதே ஆண்டில் மாட்ரிட் இதழை மறு அச்சிட்டுத் தம் ஊர்ச் செய்தியோடு விற்கத் தொடங்கிவிட்டார். 1697 முதல் அது ‘கெசெத்தா தே மாட்ரிட்’ என்ற பெயரில் நிலைத்தது; இன்று ஸ்பெயின் அரசு வெளியிடும் அரசிதழ் அதன் வழிவந்ததுதான்.

உங்கள் பேச்சை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 1623ஐப் பரிந்துரைப்பேன். அந்த ஆண்டு இங்கிலாந்தின் இளவரசர் சார்ல்ஸ், ஸ்பானிய இளவரசியை மணக்கும் நோக்கத்தோடு மாறுவேடத்தில் மாட்ரிட் வந்து சேர்ந்தார். அவருக்காக நடந்த விழாக்களை, மேலே நண்பர் குறிப்பிட்ட அல்மன்சா எழுதி மாட்ரிட்டில் அச்சிட்டார். அதே ஆண்டு லண்டனில் அது ஆங்கிலத்தில் வந்தது. வெளியிட்டவர் நதானியேல் பட்டர். உங்கள் பாடநூல் வரிசையில் 1622 லண்டன் என்று வருகிறதே, அந்த வார இதழ்களை வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். பாடநூல் முன்னோடி என்று சொல்லும் லண்டன் பதிப்பாளர், பாடநூல் விட்டுவிட்ட மாட்ரிட் எழுத்தாளரிடமிருந்து செய்தி வாங்கி விற்றிருக்கிறார். அந்த ஆங்கில வெளியீட்டின் முகப்பிலேயே, மாட்ரிட்டில் அச்சான ஸ்பானிய மூலத்திலிருந்து பெயர்த்தது என்று அச்சிட்டிருக்கிறது. அதன் படம் கிடைத்தால் திரையில் காட்டிவிட்டே பேசத் தொடங்குங்கள்.